2006 எஃப்-150, 5.4 டிரைட்டன்: பழைய ஸ்பார்க் பிளக்கை ஒடிக்காமல் கழற்றுவது எப்படி?

கரிசல்காட்டான் (டாலஸ்)

வணக்கம் நண்பர்களே. பழைய 2006 ஃபோர்டு எஃப்-150 பிக்கப் வண்டி ஒன்றை அண்மையில் வாங்கினேன். 5.4 லிட்டர் டிரைட்டன் வி8, 1,28,000 மைல் ஓடியது. துரு இல்லை, சேஸிஸ் சுத்தம், ஏசி நன்றாக வேலை செய்கிறது. ஒரே குறை, 45 மைல் வேகத்தில் டாப் கியரில் போகும்போது லேசான ஏற்றம் வந்தாலும் வண்டி உதறுகிறது. நெடுஞ்சாலை ஓரத்து அதிர்வுப் பட்டைமேல் டயர் ஏறினால் எப்படி இருக்குமோ, அப்படி. ஆக்ஸிலரேட்டரை இன்னும் அழுத்தினால் கியர் இறங்கி உதறல் நின்றுவிடுகிறது.

கியர்பாக்ஸ்தான் போய்விட்டது என்று முதலில் பயந்தேன். ஸ்கேனர் போட்டதில் பி0304 என்ற பிழைக் குறியீடு வந்தது, அதாவது 4-வது சிலிண்டர் மிஸ் அடிக்கிறது, சரியாகப் பற்றி எரியவில்லை. பிளக்குக்கு மின்சாரம் தரும் காயிலை, அதைப் பிளக்கோடு இணைக்கும் ரப்பர் பூட்டோடு சேர்த்து, 4-ல் இருந்ததை 3-க்கும், 3-ல் இருந்ததை 4-க்கும் மாற்றிவிட்டு ஓட்டினேன். குறியீடு மாறவில்லை, அதே 4. ஆக, பிளக்தான் என்று நினைக்கிறேன். விற்றவரிடம் கேட்டால், தன் கையில் இருந்தவரை பிளக் மாற்றவே இல்லை என்கிறார். கம்பெனி போட்ட பிளக்காகவே இருக்கலாம்.

பக்கத்தில் ஒரு பட்டறையில் விசாரித்தேன். 8 பிளக்குக்கு ஒரு தொகை, உள்ளே ஒடிந்தால் ஒவ்வொன்றுக்கும் தனிக் கூலி, எத்தனை ஒடியும் என்று முன்கூட்டிச் சொல்ல முடியாது என்றார்கள். பிளக் மாற்ற இப்படி ஒரு நிபந்தனையை நான் கேள்விப்பட்டதே இல்லை. ஊரில் பைக், பெட்ரோல் ஜீப் என்று எல்லாவற்றிலும் பிளக் கழற்றியிருக்கிறேன். டார்க் ரெஞ்ச், சாக்கெட் செட், சின்ன கம்ப்ரஸர் கையில் இருக்கின்றன. நானே செய்யலாமா?

நடுமேற்கு (டெட்ராய்ட் அருகில்)

தம்பி, ரெஞ்சைத் தொடும் முன் உங்கள் எஞ்சின் எது என்பதை உறுதி செய்துகொள்ளுங்கள். 5.4 டிரைட்டன் என்ற ஒரே பெயரில் இரண்டு எஞ்சின்கள் இருக்கின்றன, இரண்டின் பிளக் தொல்லையும் நேர் எதிர். சிலிண்டருக்கு 2 வால்வு உள்ள பழைய எஞ்சினில் பிளக் தானாகவே வெளியே பாயும். சிலிண்டர்களை மேலே மூடும் அலுமினிய ஹெட்டில் பிளக்கைப் பிடிக்க நாலு மரை அளவுக்குத்தான் இருந்தது. கொஞ்சம் தளர்ந்தால் போதும், எரியும் அழுத்தம் மரையையும் பிய்த்துக்கொண்டு பிளக்கைக் காயிலோடு தூக்கி எறிந்துவிடும். 2004-ல் புதிய உடலோடு வந்த எஃப்-150-ல் 3 வால்வு. அதில் பிளக் வெளியே வரவே மறுக்கும். 2004-ல் மட்டும் பழைய உடலை ஹெரிட்டேஜ் என்ற பெயரில் கூடவே விற்றார்கள், அதில் பழைய 2 வால்வு எஞ்சின்தான். உங்களுடையது 2006, ஆகவே 3 வால்வு. அதே 2006-ல் 4.6 லிட்டர் எஞ்சினோடு வாங்கியவர்களுக்கு இந்தக் கவலை இல்லை, அது 2 வால்வு.

ஏன் ஒடிகிறது என்பதைச் சொல்கிறேன், அது புரிந்தால் வேலை பாதி முடிந்தது. சிலிண்டருக்கு இரண்டு இன்டேக், ஒரு எக்ஸாஸ்ட் என்று மூன்று வால்வுகளை வைத்து, நடுவில் பிளக்குக்கு இடம் விட வேண்டியிருந்தது. அதனால் மெலிந்து நீண்ட பிளக். சாதாரண பிளக்கில் மரை கீழே நுனிவரை இருக்கும். இதில் மரை மேலே இருக்கிறது, அதற்குக் கீழே ஓர் அங்குல அளவுக்கு மரையில்லாத மெல்லிய குழாய் ஒன்று நீண்டு, அதன் நுனியில் எலக்ட்ரோடு. அந்தக் குழாயும் மேலே உள்ள உடலும் ஒரே துண்டு அல்ல, விளிம்பை மடித்து அழுத்திச் சேர்த்தவை.

இப்போது குழாய்க்கும் ஹெட்டுக்கும் நடுவே உள்ள மெல்லிய சந்தில் லட்சம் மைல் கரி இறங்கி இறுகிவிடுகிறது. மேலிருந்து ரெஞ்சைத் திருகினால் மேல் உடல் சுழலும், குழாய் நகராது. இணைப்பு விட்டுப்போய், மரை உள்ள பாகம் கையோடு வரும். குழாயும் பெரும்பாலும் உள்ளிருக்கும் பீங்கானும் ஹெட்டிலேயே நின்றுவிடும். ஆக உங்கள் எதிரி கரி, மரை அல்ல. பிளக்கை ஒரே மூச்சில் திருகி எடுக்கும் பழக்கத்தை இந்த எஞ்சினுக்கு மட்டும் மறந்துவிடுங்கள்.

ஃபோர்டே இதற்கென்று முறை வகுத்துப் பட்டறைகளுக்கு அறிக்கை அனுப்பியது. 2008-ல் வந்த 08-7-6 என்ற எண்ணுள்ள அறிக்கை அது. நான் பின்பற்றுவதும் அதைத்தான்.

எஞ்சின் முழுக்க ஆறியிருக்க வேண்டும். முதல் நாள் மாலை நிறுத்திவிட்டு மறுநாள் காலையில் தொடங்குவது நல்லது. பேட்டரி நெகட்டிவைக் கழற்றிவிட்டு, காற்றுக் குழாயை எடுங்கள். காயில் ஒவ்வொன்றையும் 7 மி.மீ. போல்ட் ஒன்று பிடித்திருக்கும். காயிலை நேராக இழுக்காமல் கொஞ்சம் இப்படியும் அப்படியும் திருகி இழுங்கள், இல்லாவிட்டால் பூட் கிழியும். ஃப்யூவல் ரெயிலைக் கழற்றாமலே எல்லாவற்றையும் எடுக்கலாம், 4-ம் 8-ம் மட்டும் பின்னால் இடுக்கில் இருக்கும். அப்புறம் கம்ப்ரஸர் காற்றால் ஒவ்வொரு குழியையும் ஊதுங்கள், கண்ணாடி போட்டுக்கொண்டு. 20 வருட மணலும் தூசியும் அதில் கிடக்கும். அது சிலிண்டருக்குள் விழக்கூடாது.

அடுத்து பிளக்கை எட்டில் ஒரு பங்கு முதல் கால் சுற்று வரை மட்டும் தளர்த்துங்கள். அதற்கு மேல் வேண்டாம். இறுக்கமாக இருக்கும்வரை பிளக் குழியை அடைத்துக்கொண்டிருக்கும், மேலே ஊற்றும் திரவம் கரிக்கு இறங்காது. கொஞ்சம் தளர்த்தினால் மரை வழியாக இறங்க வழி கிடைக்கும். கார்புரேட்டர் கிளீனரைக் குழியில் விடுங்கள். அரை முதல் ஒரு டீஸ்பூன் போதும். அதிகம் விட்டால் சிலிண்டருக்குள் தேங்கி, பிஸ்டன் மேலே வரும்போது அழுத்த முடியாமல் பிஸ்டனைத் தாங்கும் கனெக்டிங் ராடே வளைந்துபோகும். விட்டபின் குறைந்தது 15 நிமிடம் தொடாதீர்கள். நான் ஒரு மணி நேரத்துக்கு மேலேயே விடுவேன், காத்திருப்பதற்குக் காசா பணமா?

பிறகு கொஞ்சம் இறுக்குவது, கொஞ்சம் தளர்த்துவது, மறுபடி இறுக்குவது. கால் சுற்றைத் தாண்டாமல். கீச்சென்று சத்தம் வரும், கனமாகும். கனமானால் நிறுத்தி, திரும்ப இறுக்கி, இன்னும் கொஞ்சம் கிளீனர் விட்டுக் காத்திருங்கள். கழற்றும்போது 33 அடி-பவுண்டு, அதாவது 45 நியூட்டன் மீட்டரைத் தாண்டக்கூடாது என்பது அறிக்கையின் கணக்கு. கையால் உணர்ந்து செய்வதைவிட டார்க் ரெஞ்சை வைத்துப் பார்ப்பது நல்லது. உங்கள் பிளக்குக்கு 9/16 அங்குல சாக்கெட்.

வைகைக்கரை (ஹூஸ்டன்)

நடுமேற்கு அண்ணன் சொன்ன காரணம் சரி. முறையில் மட்டும் எனக்கு வேறு கருத்து. நான் இங்கே பட்டறையில்தான் வேலை செய்கிறேன், இந்த எஞ்சின் நிறையவே வரும். நாங்கள் எஞ்சினைச் சூடாக்கி, இளஞ்சூட்டில் ஏர் இம்பாக்ட்டை (காற்றில் ஓடி, அடித்து அடித்துத் திருகும் ரெஞ்ச்) வைத்துத் தட்டித் தட்டி எடுக்கிறோம். அலுமினியம் சூட்டில் எஃகைவிடக் கிட்டத்தட்ட இரண்டு மடங்கு விரியும். அதனால் குழி பிளக்கைவிட அதிகம் பெரிதாகிறது. இம்பாக்ட்டின் அதிர்வு கரியை நொறுக்கிவிடும். மெதுவாகத் திருகினால் இணைப்பின்மேல் தொடர்ந்து அழுத்தம் விழும், சட்டென்று அடித்தால் குழாயும் சேர்ந்தே சுழலும். ஒடியும் கணக்கு ஊறவைப்பதைவிடக் குறைவுதான். நேரமும் பாதி.

நடுமேற்கு

வைகைக்கரை, விரிவது பற்றி நீங்கள் சொல்வது உண்மை. உங்கள் கையும் பழகிய கை. இருந்தாலும் வீட்டில் செய்பவருக்கு அதைச் சொல்லத் தயங்குவேன்.

ஒன்று, சூட்டில் அலுமினிய மரை இளகும், பிளக்கோடு சேர்ந்து உரிந்து வர வாய்ப்பு கூடுகிறது. ஒடிந்த குழாயை வீட்டிலேயே எடுக்க வழி உண்டு. உரிந்த மரைக்கு புது மரைக்கூடு போட வேண்டும், அதை இந்த இடுக்கில் வைத்துச் செய்வது பெரும்பாடு. இரண்டாவது, கார்புரேட்டர் கிளீனர் பெட்ரோல் போலவே தீப்பற்றும். சுடும் எஞ்சினில் அதை விடவே கூடாது. விட்டாலும் கரிக்கு இறங்கும் முன்பே ஆவியாகிவிடும். ஆக சூடான முறையை எடுத்தால் ஊறவைப்பதை முழுக்க விட்டுவிட வேண்டும். இரண்டையும் கலந்து செய்கிறவர்களைப் பார்த்திருக்கிறேன், அதுதான் எனக்குப் பெரிய பயம்.

வைகைக்கரை

கலக்கக்கூடாது என்பதை நானும் அழுத்திச் சொல்கிறேன். சூடு என்றால் திரவம் கிடையாது. தம்பியிடம் நல்ல இம்பாக்ட் இல்லை, சின்ன கம்ப்ரஸர்தான் இருக்கிறது. அதற்கு ஆறிய முறையே பொருத்தம். இம்பாக்ட்டுக்கு வேண்டிய காற்றை அது தராது, அரைகுறையாகத் தட்டினால் இரண்டு முறையின் கெடுதலும் சேரும்.

இன்னொன்று. வேலைக்கு முந்தைய டேங்கில் இன்ஜெக்டர் கிளீனர் ஊற்றி ஓட்டச் சொல்வார்கள், கரி கரையும் என்று. பிஸ்டன் மேலிருக்கும் கரி கொஞ்சம் கரையலாம். இறுகிய சந்துக்குள் கீழேயிருந்து அது ஏறுமா என்பது எனக்குச் சந்தேகம். ஊற்றினால் கெடுதல் இல்லை, அதை நம்பி ஊறவைக்கும் நேரத்தைக் குறைக்காதீர்கள்.

பட்டறை நாமக்கல்

ஐயா, நாங்கள் இங்கே லாரி வேலை. எல்லாம் டீசல், ஸ்பார்க் பிளக் என்ற பேச்சே கிடையாது. இப்போது சின்ன வண்டிகள், டாடா ஏஸ் சிஎன்ஜி, பெட்ரோல் என்று வரத் தொடங்கியபின் பிளக் வேலையும் வருகிறது. கேஸில் ஓடும் வண்டிக்குப் பொறி பாய அதிக வோல்டேஜ் வேண்டும், அதனால் பெட்ரோலைவிடச் சீக்கிரம் பிளக் மாற்றச் சொல்லிவிடுகிறோம். மாற்றாமல் ஓட்டினால் பின்னாலேயே காயிலும் போகும்.

ஒரு கேள்வி. அந்தக் காலத்து அம்பாசடரில் பிளக்கைக் கழற்றி எமரி தாளால் தேய்த்து, கேஜ் வைத்து கேப்பை, அதாவது நுனியில் பொறி பாயும் இடைவெளியை, சரிசெய்து மறுபடி போடுவோம். இதில் அப்படிச் செய்ய முடியாதா? கழற்றும்போதே நல்லபடியாக வந்த பிளக்கைத் திரும்பப் போட்டால் என்ன?

நடுமேற்கு

நல்ல கேள்வி. இந்த எஞ்சினில் வருவது பிளாட்டினம் பிளக். நுனியில் ஒட்டியிருப்பது மெல்லிய பிளாட்டினப் பொட்டு. எமரியோ கம்பி பிரஷோ பட்டால் அது போய்விடும், அப்புறம் சாதாரண பிளக்கைவிட மோசம். மேலும் கழற்றும்போது இப்படியும் அப்படியும் திருகியதில் அந்த மடிப்பு இணைப்பு ஏற்கெனவே பலவீனப்பட்டிருக்கும். அதைத் திரும்ப உள்ளே விட்டால் அடுத்த முறை கட்டாயம் ஒடியும். வெளியே வந்தது வந்ததுதான், திரும்பப் போகக்கூடாது.

காயில் பற்றி நீங்கள் சொன்னது இந்த வண்டிக்கும் அப்படியே பொருந்தும். புதிய பிளக்கின் கேப் 0.040 முதல் 0.050 அங்குலம், 1.0 முதல் 1.3 மி.மீ. தேயத் தேய அது அகலும். அகன்ற இடைவெளியைத் தாண்ட காயில் கூடுதல் வோல்டேஜ் தர வேண்டும், நாளடைவில் காயிலின் உள்சுற்று சோர்ந்துபோகும். பிளக்கை விட்டுக் காயிலை மட்டும் மாற்றியவர்கள் சில மாதத்தில் திரும்பி வருவது அதனால்தான்.

ஸ்கார்பரோ

வணக்கம் அண்ணா. நான் கனடாவில் இருந்து எழுதுகிறேன். என்னிடமும் இதே வண்டிதான், 2005. எவ்வளவு கவனமாகச் செய்தாலும் ஒன்றிரண்டு முறியக்கூடும் என்று மனதைத் தயார்படுத்திக்கொண்டு தொடங்குங்கள். எனக்கு ஒரு பக்கம் முழுக்க நல்லபடியாக வந்தது, மற்றப் பக்கத்தில் முறிந்தது. முறிந்த பிளக்கை எடுக்க லிஸில் 65600 என்று ஒரு கருவி விற்கிறார்கள். வேலை தொடங்க முதலே அதை வாங்கியோ இரவலாகவோ கையில் வைத்திருங்கள். வண்டி பிரித்தபடி நிற்கும்போது அதைத் தேடி வேறு வாகனத்தில் ஓட வேண்டாம்.

முறிந்தால் மூன்று விஷயம். முதலாவது, ஸ்டார்ட்டரைத் தொடவே கூடாது. பீங்கான் துண்டு சிலிண்டருக்குள் விழுந்து பிஸ்டன் அதை மிதித்தால் சுவரெல்லாம் கீறிப்போகும். இரண்டாவது, மேல் பாகம் வந்த உடனே டார்ச் அடித்துப் பாருங்கள், பீங்கான் குழாய்க்குள் நிற்கிறதா, மேல் பாகத்தோடு வந்துவிட்டதா என்று. நின்றால் அந்தக் கருவியின் முதல் துண்டை மரையில் ஏற்றி மெதுவாகத் திருகி, பீங்கானைக் கீழே தள்ள வேண்டும். குழாயின் மேல் பகுதியில் இடம் கிடைப்பதற்குத்தான் இது. கருவி நின்ற இடத்தில் நிறுத்திவிடுங்கள், மேலும் பலம் கொடுத்தால் பீங்கான் அடியை உடைத்துக்கொண்டு போய்விடும்.

மூன்றாவது, இரண்டாம் துண்டு ஒரு மரைவெட்டி. அதன் நுனியில் கிரீஸ் தடவி உள்ளே திருகினால் குழாயின் உட்சுவரில் மரை வெட்டிக்கொண்டு பிடிக்கும். வெட்டிய இரும்புத் தூள் கிரீஸில் ஒட்டும். பிடித்தபின் மேலே உள்ள நட்டை இறுக்க, குழாய் நேராக மேலே ஏறி வரும். அதற்கு முன் கிளீனர் விட்டு ஊறவைத்தால் சுகமாக வரும். வந்ததை வெள்ளைத் துணியில் வைத்து, பீங்கானும் அடியிலுள்ள எலக்ட்ரோடும் முழுதாக இருக்கின்றனவா என்று பாருங்கள். ஏதாவது குறைந்தால் மெல்லிய குழாயை வாக்குவம் கிளீனரில் பொருத்தி உறிஞ்சி எடுத்த பிறகுதான் அடுத்த வேலை.

எங்கள் ஊரில் குளிர்காலத்தில் ரோட்டுக்கு உப்புப் போடுவதால் காயில் போல்ட் தலைகூட அரித்துவிடும். டெக்சாஸில் உங்களுக்கு அந்தக் கரைச்சல் இராது.

கரிசல்காட்டான்

எல்லோருக்கும் மிக்க நன்றி. இவ்வளவு விவரம் எந்த வீடியோவிலும் கிடைக்கவில்லை. ஆறிய முறையிலேயே செய்யப் போகிறேன். கருவியும் வாங்கிவிட்டேன்.

இன்னும் இரண்டு சந்தேகம். எந்த பிளக் போடுவது? சிலர் மோட்டார்கிராஃப்ட் என்கிறார்கள், சிலர் சாம்பியன். அப்புறம் பாகங்கள் இறுகி ஒட்டாமலிருக்கத் தடவும் ஆன்ட்டி-சீஸ் பசையைத் தடவ வேண்டும் என்று ஒருவர், தடவவே கூடாது என்று இன்னொருவர்.

செம்பருத்தி (சாக்ரமெண்டோ)

பிளக் பற்றி நான் சொல்கிறேன். முதலில் வந்தது மோட்டார்கிராஃப்ட் எஸ்பி-515, அதற்குப் பின் எஸ்பி-546. சாம்பியன் 7989 என்பது இந்த எஞ்சினுக்காகவே ஒரே துண்டாகச் செய்த பிளக், அதில் விட்டுப்போக மடிப்பு இணைப்பு இல்லை. அடுத்த முறை கழற்றும்போது ஒடியாது என்பதற்காகவே பலர் அதைப் போடுகிறார்கள். அதைப் போட்டபின் எஞ்சின் முன்புபோல் மெத்தென்று ஓடவில்லை என்று திரும்ப மோட்டார்கிராஃப்ட்டுக்கு வந்தவர்களும் உண்டு. 1,28,000 மைல் வண்டியை இன்னும் நெடுங்காலம் வைத்திருக்கும் எண்ணமிருந்தால் நான் ஒரே துண்டு பிளக்கைத்தான் எடுப்பேன். எதை எடுத்தாலும் உள்ளூர் உதிரிபாகக் கடையில் நேரில் வாங்குங்கள். இணையத்தில் மலிவாக வரும் மோட்டார்கிராஃப்ட் பெட்டிகளில் போலி நிறைய. இவ்வளவு பாடுபட்டு உள்ளே போடப்போவது போலியாக இருக்கக்கூடாது.

போடும் முன் ஒவ்வொரு பிளக்கிலும் கேப்பை அளந்து பாருங்கள், பெட்டியில் எழுதியிருந்தாலும். பிளாட்டினப் பொட்டில் படாதபடி கம்பி கேஜ் பயன்படுத்துங்கள்.

நடுமேற்கு

ஆன்ட்டி-சீஸ் விஷயத்தில் இருவர் சொல்வதிலும் பாதி உண்மை. மரையில் தடவக்கூடாது. மரையில் வழுக்கல் இருந்தால் டார்க் ரெஞ்ச் காட்டும் கணக்கு தப்பி, அளவுக்கு மேல் இறுகிவிடும். கீழே உள்ள நீண்ட குழாயின் வெளிப்புறத்தில் மட்டும் நிக்கல் ஆன்ட்டி-சீஸை மெல்லிய படலமாகத் தடவுங்கள். நுனியில் எலக்ட்ரோடின் மேல் படக்கூடாது. கரி இறுகும் சந்தை முன்கூட்டியே நிரப்பிவைப்பதுதான் நோக்கம். இறுக்கும் அளவு 25 அடி-பவுண்டு, 34 நியூட்டன் மீட்டர். முதலில் எக்ஸ்டென்ஷனை வெறும் விரலால் பிடித்துத் திருகி, மரை சரியாக ஏறுகிறது என்று தெரிந்தபின் ரெஞ்சைப் போடுங்கள்.

புது பிளக் போடும் முன், எதுவும் ஒடியவில்லை என்றால், அல்லது ஒடிந்தது முழுதாக வெளியே வந்துவிட்டது என்றால் மட்டும், காயில் கனெக்டர்களைக் கழற்றிய நிலையில் பேட்டரியை மாட்டி, ஆக்ஸிலரேட்டரைத் தரையோடு மிதித்தபடி ஒரு சில நொடி கிராங்க் செய்யுங்கள், அதாவது ஸ்டார்ட்டரால் எஞ்சினைச் சுழற்றுங்கள். முழுக்க மிதித்திருந்தால் கிராங்க் செய்யும்போது இன்ஜெக்டர் பெட்ரோல் விடாது. உள்ளே தேங்கிய கிளீனர் குழி வழியாகத் தெறிக்கும். அருகில் யாரும் குனிந்து பார்க்க வேண்டாம், பக்கத்தில் நெருப்புப் பொறி எதுவும் இருக்கக்கூடாது. பூட்டுக்குள் நுனியில் கொஞ்சம் டைஎலக்ட்ரிக் கிரீஸ், அதாவது மின்சாரம் கடத்தாத கிரீஸ், தடவுங்கள். பூட்டும் ஸ்பிரிங்கும் தனியாகக் கிடைக்கும், இவ்வளவு பழைய வண்டியில் 8-ஐயும் மாற்றிவிடுங்கள். எல்லாம் முடிந்தபின் ஆயிலையும் மாற்றுங்கள், கிளீனர் கொஞ்சம் பிஸ்டன் ரிங் வழியாகக் கீழே இறங்கியிருக்கும். 5டபிள்யூ-20, 7 குவார்ட்.

கரிசல்காட்டான்

வேலை முடிந்தது, வண்டி ஓடுகிறது.

சொன்னபடியே முதல் நாள் மாலை நிறுத்தி, காலையில் தளர்த்திக் கிளீனர் விட்டேன். வலப்பக்கம் 1 முதல் 4 வரை முழுதாக வந்தன. கீச்சென்ற சத்தம் கேட்கும்போது வயிற்றைக் கலக்குகிறது, ஆனால் திரும்ப இறுக்கிக் காத்திருந்தால் அடுத்த சுற்றில் இளகிவிடுகிறது. இடப்பக்கத்தில் 8 மட்டும் ஒடிந்தது. பீங்கான் உள்ளேயே நின்றது. ஸ்கார்பரோ அண்ணா எழுதியதைப் பக்கத்தில் திறந்துவைத்துக்கொண்டு கருவியை இறக்கினேன். தள்ளியது, வெட்டியது, நட்டை இறுக்கியதும் குழாய் மெல்ல மேலே வந்தது. துணியில் வைத்துப் பார்த்தேன், அடி எலக்ட்ரோடு உட்பட எல்லாம் முழுதாக இருந்தது.

பழைய பிளக்குகளின் கேப் எல்லாமே 1.6 மி.மீ.க்கு மேல் அகன்றிருந்தது. நுனி நிறம் வெளிர் பழுப்புதான், எண்ணெய் எதிலும் இல்லை. 4-வது பிளக்கில் மட்டும் வெள்ளைப் பீங்கானின் மேல் மேலிருந்து கீழாகப் பென்சிலால் கிழித்தது போல் மெல்லிய கறுப்புக் கோடு. மிஸ் அடித்தது அதனாலா?

சாம்பியன் போட்டிருக்கிறேன். முதலில் ஸ்டார்ட் செய்தபோது கொஞ்சம் வெள்ளைப் புகை வந்து நின்றது. உதறல் சுத்தமாக இல்லை. அதே 45 மைல், அதே ஏற்றம், டாப் கியரிலேயே ஏறுகிறது.

வைகைக்கரை

வாழ்த்துகள் தம்பி. அந்தக் கோடுதான் காரணம். கேப் அகன்றதால் பொறி நுனியில் பாயாமல் பீங்கானின் வெளிப்புறமாக வழுகி ஹெட்டுக்குப் பாய்ந்திருக்கிறது. ஒரு முறை பாய்ந்தால் கரிக்கோடு விழும், அப்புறம் மின்சாரத்துக்கு அதுவே சுலபமான பாதை. ஏற்றத்தில், சிலிண்டரில் அழுத்தம் கூடும்போதுதான் இது அதிகம் நடக்கும். நீங்கள் கியர்பாக்ஸ் என்று நினைத்ததும் அதனால்தான். இங்கே எஞ்சினையும் கியர்பாக்ஸையும் இணைக்கும் டார்க் கன்வர்ட்டரை மாற்றச் சொல்லிக்கொண்டு வருகிறவர்களில் சிலருக்குப் பிளக்கும் பூட்டும் மாற்றியே அனுப்பியிருக்கிறோம்.

ஒரு எச்சரிக்கை. பிளக்கில் கோடு விழுந்தால் பூட்டின் உட்புறத்திலும் அதே இடத்தில் தடம் விழுந்திருக்கும். காயிலை பூட்டோடு 3-க்கும் 4-க்கும் இடையில் மாற்றியிருந்தீர்கள். 8 பூட்டும் புதிது போட்டீர்களா?

கரிசல்காட்டான்

எட்டும் புதிது. 3-ல் இருந்து கழற்றியதைப் புரட்டிப் பார்த்தேன், நீங்கள் சொன்ன தடம் அதில் இருக்கிறது.

பட்டறை நாமக்கல்

எங்களுக்கும் இது பாடம்தான் ஐயா. இங்கே சிஎன்ஜி வண்டியில் பிளக்கை மட்டும் மாற்றி, அதே ரப்பரைத் திரும்பப் போட்டுவிடுகிறோம். இனிமேல் ரப்பரை உரித்துப் பார்த்துவிட்டுத்தான் போட வேண்டும்.

ஸ்கார்பரோ

தம்பி, நல்ல சந்தோஷம். அடுத்த முறைக்கு லட்சம் மைல் வரை பொறுக்க வேண்டாம். கம்பெனி புத்தகத்தில் 1 லட்சம் மைல் என்றுதான் போட்டிருக்கும், ஆனால் கரி அவ்வளவு காலம் சும்மா இராது. 50,000, 60,000 மைலில் ஒரு முறை கழற்றிப் பார்த்து மாற்றினால் கையாலேயே வரும்.

மிஸ் அடிக்கும்போது எஞ்சின் விளக்கு விட்டுவிட்டு மின்னியதா? அப்படி மின்னிய நிலையில் நீண்ட நேரம் ஓட்டியிருந்தால் புகையைச் சுத்தப்படுத்தும் கேட்டலிட்டிக் கன்வர்ட்டரை ஒரு முறை பார்த்துக்கொள்ளுங்கள். எரியாத பெட்ரோல் அதற்குள் போய் எரிந்து உள்ளே உருக்கிவிடும்.

கரிசல்காட்டான்

மின்னவில்லை அண்ணா, நிலையாகத்தான் எரிந்தது. பிழைக் குறியீட்டை அழித்தபின் இதுவரை திரும்ப வரவில்லை.

செம்பருத்தி

என்னிடமும் ஒரு கேள்வி. என் தம்பி 2008 எஃப்-150, அதே 5.4 ஒன்றைப் பார்த்து வைத்திருக்கிறான். 2008-ல் இந்தத் தொல்லை சரிசெய்யப்பட்டது என்று விற்பவர் சொல்கிறாராம். நம்பலாமா?

நடுமேற்கு

வண்டி வருடத்தை வைத்துச் சொல்ல முடியாது அம்மா. ஹெட்டும் பிளக்கும் மாறியது 2007 அக்டோபர் வாக்கில் கட்டிய எஞ்சின்களிலிருந்து. 2008 மாடல் வண்டிகள் அதற்கு முன்பே ஓடத் தொடங்கிவிட்டன, ஆகவே 2008-ல் இரண்டு வகையும் உண்டு. ஓட்டுநர் கதவுச் சட்டத்தில் ஒட்டிய ஸ்டிக்கரில் வண்டி கட்டிய மாதம் இருக்கும், ஆனால் எஞ்சின் அதற்குச் சில வாரம் முன்பே கட்டியிருப்பார்கள். அதனால் ஸ்டிக்கரில் 2007 இறுதி என்றிருந்தால் அதை மட்டும் நம்ப வேண்டாம். 7 மி.மீ. போல்ட் ஒன்றைக் கழற்றி, ஒரு காயிலை வெளியே எடுத்துப் பார்க்கச் சொல்லுங்கள். பூட் கறுப்பு என்றால் பழைய நீள பிளக், பழுப்பு என்றால் புதியது. விற்பவர் அதற்குச் சம்மதிக்காவிட்டால் பழையது என்றே கணக்கு வைத்து விலை பேசட்டும். பிளக் மாற்றியதற்கு ரசீது இருக்கிறதா என்றும் கேட்கட்டும்.

போகும்போது எஞ்சினைச் சூடாக்கி ஐடிலில் விட்டு, முன்பக்கம் காது கொடுத்துக் கேட்கச் சொல்லுங்கள். கட்டை தட்டுகிற மாதிரி டக் டக் என்று வந்தால் கேம் ஃபேசர் (வால்வு திறக்கும் நேரத்தை மாற்றும் பாகம்) கெட்டிருக்கலாம். அது பிளக் வேலையைவிடப் பல மடங்கு செலவு, பூட் எந்த நிறமாக இருந்தாலும்.